மருந்தல்லாதது

மாத்திரை அட்டை மேசைமேல் கிடக்கிறது. ஜன்னல் வெளிச்சம் பட்டு அதன் பின்பக்கத்து வெள்ளித் தாள் மினுங்குகிறது. காதில் போன். போனுக்குள் ஒரு இசை, நாலு சுரம்தான், போய்ப் போய்த் திரும்பி வருகிறது, நடுவில் ஒரு பெண் குரல் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்கிறது, பிறகு மறுபடி அந்த நாலு சுரம். முக்கியமானது என்றால் எடுக்க வேண்டியதுதானே. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை, கோபப்பட மூச்சு வேண்டும், மூச்சை நான் இப்போது சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன், நெஞ்சுக்குள் யாரோ பழைய கதவைத் திறந்து மூடுவது மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். முப்பத்து நாலு வருஷம் நானும் இதே வேலைதான் செய்தேன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, லைன்ல இருங்க சார், லைன்ல இருங்கம்மா, பாம்பே லைன் கிடைச்சதும் தாரேன். லைனில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. மேசையில் கிடக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். டாக்டர் நேற்றுச் சாயந்திரமே சொல்லிவிட்டார், நெஞ்சில் சளி நல்லா கட்டியிருக்கும்மா, மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிரணும், தள்ளிப்போட்டா அப்புறம் அட்மிட்தான். நான் பால் சேராத விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்ல பிள்ளை. போனில் எதையோ தேடிப் பார்த்தார். இந்தக் கம்பெனி மாத்திரையில என்ன போட்டு உருட்டுதாங்கன்னு எனக்குத் தெரியலம்மா, அட்டையிலயும் இருக்காது, அவங்களையே கேட்டுருங்க, எப்படியும் முதல் மாத்திரை போடும்போது தனியா மட்டும் இருக்காதீங்க, யாராவது கூட ஒரு மணி நேரம் இருக்கட்டும். சரி டாக்டர் என்றேன். யாராவது என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

நேற்று போடவில்லை. கம்பெனி நம்பரில் சாயந்திரம் யாரும் எடுக்கவில்லை, அது ஒரு சாக்கு. உண்மையில் அந்த யாராவதுதான் கிடைக்கவில்லை. ராத்திரி பூராவும் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே கிடந்தேன். காலையில் பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையைப் படித்தேன். அவர் வைத்திருந்த கண்ணாடி, கைப்பிடி உடைந்து பிளாஸ்டர் சுற்றியது. அவர் என்றால் குற்றாலிங்கம், என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் இருந்தவர், போய் நாலு வருஷமாகிறது. மருந்தின் பேரைப் பெரிதாகப் போட்டிருக்கிறான், எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறான், அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி எக்ஸிபியன்ட்ஸ், க்யூ எஸ். அவ்வளவுதான். அவர் ஆபீசில் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார் ஒரு நாள், வடிவு, எக்ஸிபியன்ட்ஸுன்னா மருந்தல்லாத மிச்ச சரக்கு, மருந்தைப் பிடிச்சு வைக்க, உருட்ட, வழவழன்னு இருக்கச் சேக்கது, க்யூ எஸ்னா லத்தீன்ல போதுமான அளவுன்னு அர்த்தமாம். போதுமான அளவுன்னா எவ்வளவு? அதத்தான் நானும் கேட்டேன், போதுமான அளவுன்னா போதுமான அளவுதான்ட்டான். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. குழம்புக்கு உப்பு எவ்வளவு போட்டே? க்யூ எஸ். என் சம்பளம் போதுமா? க்யூ எஸ். மாத்திரைக்குள் சோள மாவு இருக்கும், சாயம் இருக்கும், மாட்டெலும்பு ஜெலட்டின் இருக்கும், பால் சர்க்கரையும் இருக்கும். லாக்டோஸ் என்று அதற்குப் பேர். அதில் பாலின் சத்து ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் என் உடம்புக்கு அது போதுமான அளவு.

பால் எனக்குச் சேராது. இந்த ஒரு வாக்கியத்தைப் பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாருக்கும் இது முழுதாகக் காதில் விழுந்ததில்லை. வயிறு போகுமாக்கும் என்பார்கள். தயிர் சாப்பிடலாம்லா? மோர்? நீர்மோர் குளிர்ச்சிதானே. நெய் ஒரு சொட்டு விட்டா என்ன ஆயிரும், நெய்யில பால் எங்க இருக்கு. வயிறு இல்லை, தொண்டை அடைத்துக்கொள்ளும், உதடு வீங்கும், மூச்சு நின்றுபோகும் என்று சொன்னால் ஒரு நிமிஷம் என்னையே பார்ப்பார்கள், பிறகு, எல்லாம் மனசுதான், நினைச்சுக்கிட்டே சாப்பிட்டா அப்படித்தான் ஆகும் என்பார்கள். எக்ஸ்சேஞ்சில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் பால்கோவா வரும், நான் வேண்டாம் என்பேன், ரெண்டாவது வருஷத்திலேயே பெயர் வந்துவிட்டது, செண்பகவடிவுக்குக் கர்வம், யாரு வீட்டுலயும் கை நனைக்க மாட்டா. கை நனைக்காதவளை யார் கூப்பிடுவார்கள். கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது. போகாமல் போகாமல் போகிற வழியே மறந்துபோயிற்று. இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபிறகு கவனித்தேன், இங்கே பெண்களுக்குள் பழக்கம் என்பதே உறைமோரில்தான் ஆரம்பிக்கிறது, கொஞ்சம் உறை இருக்கா என்று ஒரு கிண்ணத்தோடு வருவார்கள், நின்று கால்மணி நேரம் பேசுவார்கள், மறுநாள் அதே கிண்ணத்தில் வேறொன்று திரும்பி வரும். என் வீட்டில் உறைமோர் கிடையாது. என்னிடம் கேட்டு வர ஒன்றும் இல்லை, நான் கேட்டுப் போகவும் ஒன்றும் இல்லை.

அவருக்கு மட்டும்தான் காதில் விழுந்தது. பெண் பார்க்க வந்தபோதே அப்பா சொல்லிவிட்டார், பிள்ளைக்குப் பால் ஆகாது, பின்னால சொல்லலேன்னு இருக்கக் கூடாது. மாமியாருக்கு முகம் சுருங்கியது. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுக்கிற சடங்கு, வெள்ளிக் கிண்ணத்தில் பால், பிசைந்த வாழைப்பழம், சுற்றிலும் சுமங்கலிகள், எனக்குப் பட்டுச் சேலைக்குள் முதுகெல்லாம் வியர்த்தது. கரண்டி என்னிடம் வந்தபோது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது, அவர் அதைத் தன் வாய்க்குத் திருப்பி மடக்கென்று குடித்தார். அடுத்த கரண்டியையும். மூன்றாவதையும். மாப்பிள்ளைக்குப் பசியப் பாரு என்று கூட்டமே சிரித்தது. அவர் காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார், அப்போது எனக்கு அவர் பேரைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் இனிப் பயமில்லை என்று தோன்றியது. பயமில்லாமல்தான் இருந்தேன் ரொம்ப காலம். அந்தப் பொடி வருகிற வரைக்கும். இளைப்புக்கு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார், சின்னக் குழலில் கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி உறிஞ்ச வேண்டும். இதே கூடத்தில்தான், அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் உறிஞ்சினேன். நாக்கில் ஒரு லேசான தித்திப்பு. இன்றைக்கும் அந்தத் தித்திப்பு ஞாபகம் இருக்கிறது, மருந்து ஏன் தித்திக்கிறது என்று யோசித்ததும் ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு அவர் என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும், ஆட்டோக்காரரைக் கெட்ட வார்த்தை சொல்லி விரட்டியதும் துண்டு துண்டாகத்தான். அவர் கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மதுரையில் அலர்ஜி டாக்டர் பிறகு விளக்கினார், மருந்து ஒரு துளிதான்மா, அத நெஞ்சுக்குள்ள சுமந்துக்கிட்டுப் போறது லாக்டோஸ் பொடி, உங்களுக்குப் பொடி வேண்டாம், ஸ்பிரே பம்ப் போதும். சுமந்துகொண்டு போவது. நல்லதைச் சுமந்துகொண்டு வருகிறவனே கழுத்தை நெரிப்பான் என்று யார் கண்டது.

அன்றிலிருந்து புது மருந்து எது வந்தாலும் அவருக்கு ஒரு வேலை. அட்டையைப் படிப்பது, கம்பெனிக்குப் போன் போடுவது, அப்புறம் நான் விழுங்கும்போது எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பது. பக்கத்தைத் திருப்பவே மாட்டார். பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள். என்னத்தப் பாக்கிய? ஒண்ணுமில்ல, ராசிபலன் படிச்சிட்டிருக்கேன். ராசிபலன் என் மூஞ்சியிலயா இருக்கு? அவ்வளவுதான் பேச்சு, மணிக்கூண்டு மாதிரி ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார். அவர் போன அன்றைக்குக் கடைசியாக வாயில் பால் ஊற்றச் சொன்னார்கள். மகள் ஊற்றினாள், பேத்தியைக் கைபிடித்து ஊற்ற வைத்தாள், பிறகு என்னைக் கூப்பிட்டார்கள், நான் விரலை முக்கி அவர் உதட்டில் விட்டேன். மூன்று தடவை. எனக்காக மூன்று கரண்டி குடித்தவர் வாயில். கொஞ்ச நேரத்தில் விரலெல்லாம் தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது, சுற்றிலும் அழுகை, நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு சொறிந்துகொண்டிருந்தேன். அழவில்லை. அவ அழவே இல்லையே என்று பிறகு பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அழ ஒரு கை வேண்டாமா. மகளிடம் ஒரு தடவை சொன்னேன், எனக்குப் பால் ஊத்திராத, தண்ணி போதும். என்னம்மா பேச்சு இது என்று போனை வைத்துவிட்டாள். செத்த பிறகு ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும்.

இசை நின்றது.

“வணக்கம் மேடம், சொல்லுங்க.” சின்னப் பெண், சென்னைக் குரல்.

மாத்திரையின் பேரைச் சொன்னேன். அதில் லாக்டோஸ் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“கம்போசிஷன் அட்டையிலயே இருக்கும் மேடம்.”

“மருந்து என்ன இருக்குன்னு இருக்கும்மா. மருந்தல்லாதது என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

“மருந்தல்லாததா?” அவள் குரலில் ஒரு தடுமாற்றம், பிறகு, “லைன்ல இருங்க மேடம்” என்றாள், மறுபடியும் அந்த நாலு சுரம். நான் சிரித்தேன், சிரிப்பு இருமலாகி இருமல் என்னை மேசைவரை குனிய வைத்தது. நிமிர்ந்தபோது வேறொரு குரல், ஆண் குரல், பொறுமையான குரல். பார்த்துட்டேன் மேடம், இதுல லாக்டோஸ் சேர்க்கலை. சேர்க்கவில்லை! உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு லேசானது. ஆனா ஒரு விஷயம் மேடம். இந்த ஆனா எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். ஆனா அதே மெஷின்ல வேற மாத்திரைகளும் ஓடும், கழுவித்தான் அடுத்தது போடுவோம், இருந்தாலும் துளிகூட இருக்காதுன்னு எழுதிக்கொடுக்க முடியாது மேடம். எழுதித் தர வேண்டாம் தம்பி, நீங்களா இருந்தா உங்க அம்மாவுக்குக் கொடுப்பீங்களா? அவர் கொஞ்சம் யோசித்தார், அந்த யோசனைக்காகவே அவரை எனக்குப் பிடித்தது. கொடுப்பேன் மேடம், ஆனா பக்கத்துல இருந்துக்கிட்டுக் கொடுப்பேன்.

பக்கத்தில் இருந்துகொண்டு. போனை வைத்தேன். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை, குளிர்பெட்டி மட்டும் ஒரு தடவை உறுமி அடங்கியது. மகளைக் கூப்பிட்டேன், மீனலோசனி, புனேயில் இருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்தாள். “மாத்திரை போட்டாச்சாம்மா?” இன்னும் இல்லை என்றதும் பெருமூச்சு. “நேத்தே போட்டிருக்கணும். யாராச்சும் கூட இருக்கணும்னா நான் என்னம்மா செய்ய? இங்க வந்து இருன்னா வர மாட்டேங்கிற. சரி, வீடியோ கால் போட்டு போனை எதுத்தாப்புல சாத்தி வச்சுக்கிட்டுப் போடு. எனக்கு இப்ப ஒரு மீட்டிங், ஆனா உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன்.” நல்ல பிள்ளைதான். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன், திரையில் என் முகம் ஒரு மூலையில், அவள் முகம் பெரிதாக, காதில் கருவி மாட்டியிருக்கிறாள், கண் என்மேல் இருந்து நழுவி வேறொரு திரைக்குப் போகிறது, திரும்புகிறது, மறுபடி நழுவுகிறது, உதடு இங்கிலீஷ் பேசுகிறது. எனக்கு ஏதாவது ஆனால் அவள் பார்ப்பாள். பார்க்க மட்டும் செய்வாள். அவள் கை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது, கூடிப்போனால் அந்தத் திரையைத் தொடும். வாழ்நாளெல்லாம் அவளுக்கு அதுவல்லவா கண்ணுக்குள் நிற்கும். வேண்டாம். மீனு, நீ மீட்டிங்கைக் கவனி, எதிர்த்த வீட்டம்மா கூட இருக்காங்க என்றேன். அப்படியா, முன்னாடியே சொல்லக் கூடாதா என்றாள், முகம் மலர்ந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

எதிர்த்த வீட்டுக் கதவில் எஸ்தர் கனகமணி என்று பலகை இருக்கிறது. வந்து இரண்டு வருஷம் இருக்கும். பகலில் எப்போது பார்த்தாலும் கதவு சாத்தியே இருக்கும், சாயந்திரம் தோளில் பையோடு கிளம்பிப் போவாள், பெண்கள் ஹாஸ்டலில் வார்டன் என்று வாட்ச்மேன் பெண்சாதி சொன்னாள். வந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு ஒரு தட்டு கொண்டுவந்தாள், கேக், அச்சுமுறுக்கு, கலகலா, மேலே லேஸ் வைத்த துணி. சந்தோஷமாகத்தான் வாங்கினேன். கேக்கில் வெண்ணெய், கலகலாவில் பால், அச்சுமுறுக்கில் என்னவோ. தட்டை அப்படியே வாட்ச்மேன் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், அதுகள் மாடிப்படி கீழே உட்கார்ந்து தின்றபோது எஸ்தர் கடைக்குப் போய்விட்டு ஏறி வந்திருக்கிறாள். அதன்பிறகு தட்டு வரவில்லை, படியில் எதிரே வந்தால் ஒரு தலையாட்டல். போய்ச் சொல்லியிருக்கலாம், எனக்குப் பால் சேராது என்று. தயிர் சாப்பிடலாம்லா என்று அவளும் கேட்பாள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது போய்க் கதவைத் தட்டி என்ன சொல்வது? சர்க்கரை கடன் கேட்கலாம், கருவேப்பிலை கேட்கலாம், கேஸ் தீர்ந்துவிட்டது என்று பால்குக்கரைக்கூடத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு மணி நேரம் வந்து என்னையே பார்த்துக்கொண்டு உட்காருங்கள் என்று யார் கேட்பார்கள், கேட்டால் யார் வருவார்கள். பைத்தியம் என்று நினைப்பாள். நினைக்கட்டும். நினைத்தால் என்ன. இல்லை, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், சாயந்திரம் டாக்டரிடமே போய் அங்கே உட்கார்ந்து போடலாம், போன தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படித்தான் மாத்திரையும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தேன், நிஜமான நோயாளிங்க நிக்காங்க, கொஞ்சம் எந்திரிங்கம்மா என்று ஒரு நர்ஸ் எழுப்பிவிட்டாள், எழுந்து நின்றே விழுங்கினேன். சாயந்திரம் வரை இந்த மூச்சு தாங்குமா. எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு. வாசலுக்கும் எதிர் வாசலுக்கும் நடுவில் நாலு எட்டுதான். அதற்குள் திரும்பிவிடலாமா என்று எத்தனை தடவை நினைத்தேன். கை தானாகப் போய்த் தட்டிவிட்டது, அது என் கை மாதிரியே இல்லை.

கதவு திறக்க நேரமானது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கண் பாதி மூடி, கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்து நின்றாள். தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ராத்திரி முழுக்க ஹாஸ்டலில் விழித்திருப்பவள் பகலில் தூங்கத்தானே செய்வாள், இது ஏன் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

“என்னக்கா? என்ன ஆச்சு?”

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. “எனக்குப் பால் சேராது” என்றேன்.

அவள் விழித்தாள். “பால் வாங்கணுமா?”

“இல்ல. சேராது. சாப்பிட்டா மூச்சு நின்னுரும். ஒரு மாத்திரை போடணும், அதுல பால் இருந்தாலும் இருக்கும். போட்டுட்டு ஒரு மணி நேரம் யாராச்சும் கூட இருக்கணுமாம். எனக்கு…” இங்கே மூச்சு முடிந்துபோயிற்று. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“மாத்திரையில எப்படிக்கா பால்?” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, என் முழங்கையைப் பிடித்தாள். “மூச்சு இப்படி வாங்குதே. வாங்க, முதல்ல உக்காருங்க. சாவியை மட்டும் எடுத்துட்டு வாரேன்.”

கூடத்தில் அவளை உட்கார வைத்துச் சின்ன டப்பாவைத் திறந்து காட்டினேன், ஊசிமருந்துக் குப்பி, சிரிஞ்சு. ஏதாவது ஆனால் இதைத் தொடையில் குத்த வேண்டும், அவருக்கு அந்த மதுரை டாக்டர் கற்றுக்கொடுத்திருந்தார். எஸ்தர் டப்பாவைப் பார்த்ததும் பின்னால் சாய்ந்துவிட்டாள். “ஐயோ, ஊசின்னா எனக்கே மயக்கம் வந்துரும்க்கா. ரெண்டு பேரும் கீழ கிடப்போம்.” எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். “நூத்தியெட்டுக்குப் போன் போடுவேன். அப்புறம் கத்துவேன். இருநூறு பிள்ளைகள அடக்குற தொண்டை, நான் கத்தினா வண்ணார்பேட்டை வரைக்கும் கேக்கும், அதுல ஊசி போடத் தெரிஞ்சவ ஒருத்தி வர மாட்டாளா?” பிறகு கையைக் கோத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்தாள். எனக்காக யாரோ கண்ணை மூடி எதையோ கேட்கிறார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாத்திரையைப் பிரித்தேன். வெள்ளித் தாள் கிழிகிற சின்னச் சத்தம். நாக்கில் வைத்தபோது தித்திக்கிறதா என்று நாக்கு தேடியது, இல்லை, கசப்பு, நல்ல கசப்பு. தண்ணீர். போயிற்று. இனி அது என் கையில் இல்லை.

“அன்னைக்குக் கேக்கை வாட்ச்மேன் பிள்ளைகளுக்குக் கொடுத்தது இதுக்குத்தானா?” என்றாள் எஸ்தர். ஆமாம் என்றேன். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாக்கா. நாங்க சமைச்சத சாப்பிட மாட்டீங்களாக்கும்னுல்லா நினைச்சேன்.” சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு அர்த்தம் தோன்றியதே இல்லை. அவள் அப்படி நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் இந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறாள், இந்தக் கதவில் நான் என் பயத்தோடு, எதிர்க் கதவில் அவள் அந்தக் காயத்தோடு. ஐயோ இல்ல, இல்லம்மா என்றேன். சரி விடுங்க என்றாள், பேசாதீங்க, மூச்சை வீணாக்காதீங்க, நான் உங்களப் பாக்குதேன். பார்த்தாள். நேராக, வைத்த கண் வாங்காமல், பரீட்சை ஹாலில் பார்க்கிற மாதிரி. நான் என்னைப் பார்த்தேன். கீழுதடு அரிக்கிறதா. அரிக்கிற மாதிரி இருக்கிறது, இல்லை, நான் நினைப்பதால் அரிக்கிறது. காது மடல் சுடுகிறது, அது காய்ச்சல். தொண்டையில் ஏதோ நிற்கிறது, எச்சில் விழுங்கினேன், போனது, மறுபடி விழுங்கினேன், எத்தனை தடவைதான் எச்சிலை விழுங்குவது. உள்ளங்கையில் ஒரு சிவப்பு, நேற்றும் இருந்ததா, யாரைக் கேட்பது, அவருக்குத் தெரியும், என் உள்ளங்கையில் எது பழையது எது புதியது என்று அவருக்குத் தெரியும். அவர் இல்லை. அவர் இல்லை என்பது ஒரு செய்தி மாதிரி இப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. இதுவும் அலர்ஜிதானா, கண்ணில் நீர் வருவதும் ஒரு அறிகுறிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எஸ்தரிடம் சொல்ல நிமிர்ந்தேன்.

எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, சாவிக்கொத்தை மடியில் பிடித்தபடி. முதலில் பயம் வந்தது, காவலுக்கு வந்தவள் தூங்கிவிட்டாளே, எழுப்பு, எழுப்பு என்றது நெஞ்சு. எஸ்தர் என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் காலைப் பார்த்தேன், செருப்பின் வார் பட்ட தடம், குதிகாலில் வெடிப்பு, ஒரு விரலில் பேண்ட் எய்டு. ராத்திரி முழுக்க ஹாஸ்டல் படிகளில் ஏறி இறங்கிய கால்கள். வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறி அவள் முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது, எழுந்து ஒரு புள்ளி குறைத்து வைத்தேன், எழுந்ததும் உட்கார்ந்ததும் எப்படி என்று பிறகுதான் யோசித்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. என் நெஞ்சும் ஏறி இறங்கியது, கீச்சுச் சத்தத்தோடுதான், ஆனால் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் நான் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உதட்டை மறந்துபோனேன். கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பர், இரும்பு என்று கத்திக்கொண்டு போனான், அவளை எழுப்பிவிடுவானோ என்று எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. மூச்சு மிச்சமிருந்தால்தானே கோபம் வரும்.

போன் அதிர்ந்தது. மீனு எழுதியிருந்தாள், எல்லாம் சரியா என்று. சரி என்று எழுதி, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை கன்னம், உதடு, கழுத்து எல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டு அனுப்பினேன். ஒரு மணி எப்போதோ தாண்டியிருந்தது.

எஸ்தர் திடுக்கிட்டு விழித்தாள். “ஐயோ, தூங்கிட்டேனா?”

“இல்ல. கண்ணத்தான் மூடியிருந்தீங்க.”

“பொய் சொல்லாதீங்க. எச்சி வடிஞ்சிருக்கு.” துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து, மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். யாராவது என் முகத்தைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று. “ஒண்ணுமில்லல்லா?”

“ஒண்ணுமில்ல.”

வாசல் வரை போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள், “அடுத்தது எப்பக்கா?”

நாளைக்கு ஒன்று, பிறகு தினம் ஒன்று. ஆனால் கூட ஆள் வேண்டியது முதல் மாத்திரைக்கு மட்டும்தான். அது தாண்டிவிட்டால் அதே அட்டையிலிருந்து மிச்சத்தைத் தனியாகவே போட்டுக்கொள்ளலாம், அவர் இருக்கும்போதும் அப்படித்தான் வழக்கம், முதல் நாளுக்குப் பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் பால்கனிக்குப் போய்விடுவார். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குத் தூக்கம் வேண்டும்.

“நாளைக்கும் இதே நேரம்தான்” என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“சரி வாரேன். அப்ப ஒரு தலைகாணி எடுத்து வைங்கக்கா, இந்த நாற்காலி கழுத்தைப் பிடிக்குது.”

அவள் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை நின்றேன். பிறகு அலமாரியின் மேல்தட்டில் இருந்த தலையணையை மெதுவாக இழுத்து இறக்கி, பால்கனியில் மிச்சமிருந்த வெயிலில் போட்டேன்.